உவமையும் அரசியலமைப்பும் பிடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது?

அணி இலக்கணத்தையும் அரசியலமைப்பையும் விட்டால் மகளுக்கு வேறெதிலும் மனம் போகவில்லை, இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகக் கடன் வாங்கி, நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். தவணை கட்டப்போவது நீங்கள். நாலு வருஷம் பிடிக்காத பாடத்தோடு மல்லுக்கட்டப்போவது அவள்.

வக்கீல், நீதிபதி வேலைகள் உங்களுக்கே தெரியும். பலரும் யோசிக்காதது சட்ட வரைவு. ஒன்றிய சட்ட அமைச்சகத்திலும் மாநிலச் சட்டத் துறைகளிலும் மசோதாக்களின் வாசகத்தை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சட்டம் அடிப்படை உரிமையைப் பறித்தால், பறிக்கிற அளவுக்கு அது செல்லுபடியாகாது என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு. எழுதும் ஒவ்வொரு சொல்லும் அந்தச் சோதனையில் தேறி நிற்க வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நிற்கவில்லை. எரிச்சலூட்டும் நோக்கில் மின்னஞ்சல் அனுப்பினால்கூட மூன்று ஆண்டு வரை சிறை என்றது. யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல்? சட்டத்தில் பதில் இல்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

சரி, உருவகத்துக்கு இங்கே என்ன வேலை? 1973இல் உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி தீர்ப்பு, அரசியலமைப்பில் நாடாளுமன்றம் திருத்த முடியாததை ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்றது. 1980இல் மினர்வா மில்ஸ் தீர்ப்பில், சமத்துவம், பேச்சு போன்ற சுதந்திரங்கள், உயிர்வாழும் உரிமை ஆகியவற்றைக் காக்கும் 14, 19, 21 பிரிவுகள் ‘பொன் முக்கோணம்’ ஆயின. இரண்டும் உருவகங்கள்தான். கண்ணுக்குத் தெரியாத வரம்பை அவை சட்டென்று புரியவைக்கின்றன. தண்டனைப் பிரிவில் அதே உருவகம் வந்தால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். எங்கே உருவகம் வேண்டும், எங்கே கூடாது என்று பிரித்தறிய மொழியில் ஊறிய பிள்ளையால் முடியும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு இருக்கிறது. நான் சொல்வது, முதலில் இலக்கியப் பட்டம், அப்புறம் மூன்றாண்டுச் சட்டம். ஒரு வருஷம் கூடும், பரவாயில்லை. தமிழும் ஆங்கிலமும் கைக்குள் வந்துவிடும். வரைவுப் பணிக்குப் பெரும்பாலும் சட்டப் பட்டத்தோடு அனுபவமும் கேட்பார்கள். அதனால் முதல் சில வருஷம் ஒரு வழக்கறிஞரிடம் குறைந்த வருமானத்தில்தான் ஓடும். அதற்காகத்தான் இப்போதே கடன் வேண்டாம் என்கிறேன்.

இன்றைக்கே அவளிடம் ‘ஒழுங்கீனமாக நடப்பவர் நீக்கப்படுவார்’ என்ற ஒரு வரி விதியைக் கொடுங்கள். யாரும் தப்பாகப் பயன்படுத்த முடியாதபடி திருத்தி எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தால், பொறியியல் விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிடுங்கள். சட்டக் கல்லூரியிலும் யாராவது நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.