மூக்குத்தி வைரமும் பச்சை லேசரும்

கேள்வி: என் அம்மம்மாவின் மூக்குத்தி வைரத்தில் இலேசான மஞ்சள் சாயல் உண்டு. அதில் நைதரசன் கலந்திருப்பது குறை என்று சொல்லி நகைக்கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். பௌதிகவியல் படிக்கும் என் மகளோ, அந்தக் குறையைத்தான் விஞ்ஞானிகள் ஒளியால் இயக்குகிறார்கள் என்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இருவர் சொல்வதும் சரிதான்; ஆனால் இருவரும் ஒரே குறையைச் சொல்லவில்லை. மஞ்சள் சாயலைத் தருவது நைதரசன். மாணிக்கத்துக்குக் குரோமியம் சிவப்பைத் தருவது போன்றதே இதுவும். உங்கள் மகள் குறிப்பிடும் குறைக்கு நைதரசன் மட்டும் போதாது. அதை அடுத்து ஒரு காபன் அணு இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டும், அவ்விடத்தில் மேலதிகமாக ஓர் இலத்திரனும் அகப்பட்டிருக்க வேண்டும். அங்குள்ள இலத்திரன்களின் தற்சுழற்சி ஒரு சிறு காந்தம் போன்றது. அதற்கு 0, +1, –1 என மூன்று நிலைகள் உண்டு.

இதன்மீது 532 நனோமீற்றர் பச்சை லேசரைப் பாய்ச்சினால் சிவப்பு ஒளி வெளிப்படும். 0 நிலையில் இருந்தால் அது பிரகாசமாக இருக்கும். மற்ற இரு நிலைகளில் இருந்தாலோ, இலத்திரன்களில் ஒரு பகுதி அந்தச் சிவப்பு ஒளியை உமிழாமலே வேறொரு பக்கவழியால் இறங்கிவிடுவதால் ஒளி மங்கும். அந்தப் பக்கவழி பெரும்பாலும் 0 நிலையிலேயே கொண்டுவந்து விடுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது. ஒரே கதிர் தற்சுழற்சி எந்த நிலையில் உள்ளது என்று காட்டவும் செய்கிறது, சில மைக்குரோ செக்கன்களில் அதனைத் தொடக்க நிலைக்குத் திருப்பவும் செய்கிறது. அதுவும் அறை வெப்பநிலையிலேயே! இவ்வாறு இத்தகைய ஒரேயொரு குறையின் தற்சுழற்சியை ஒளியால் அறியும் பரிசோதனை 1997இல் ஜேர்மனியில் வெற்றி கண்டது.

'ஒளியால் இயக்குவது' என்பதில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. தற்சுழற்சியை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு வழக்கமாகப் பயன்படுவது 2.87 கிகா ஹேர்ட்ஸ் அளவிலான நுண்ணலையே. சமையலறை நுண்ணலை அடுப்பின் 2.45 கிகா ஹேர்ட்ஸுக்கு அது வெகு தொலைவில் இல்லை. கடுங்குளிரில் லேசரால் மட்டுமே மாற்றுவதையும் செய்து காட்டியிருக்கிறார்கள். அருகில் காந்தப்புலம் இருந்தால் அந்த 2.87 சற்று விலகும். இந்தக் குறையைக் கொண்டு இயங்கும் நுண்ணிய காந்தமானிகள் அந்த விலகலைத்தான் அளக்கின்றன.

உங்கள் மூக்குத்திக் கல் இதற்கு உதவாது. இயற்கை வைரங்கள் பெரும்பாலானவற்றில் நைதரசன் அணுக்கள் கூட்டங்கூட்டமாகத் திரண்டிருக்கும். ஆய்வுகூடங்களோ நைதரசன் மிகக் குறைவாக உள்ள செயற்கை வைரத்தையே நாடுகின்றன. மகளிடம் லேசர் சுட்டி இருந்தாலும் மூக்குத்தியை அணிந்தபடி சோதிக்க விடாதீர்கள். பட்டை தீட்டிய கல்லில் தெறிக்கும் கதிர் கண்ணைக் கெடுத்துவிடும்.