சமூக அறிவியலில் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு என்னதான் படிக்கிறார்கள்?

மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைப் படிப்பதுதான் சமூக அறிவியல். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

சின்னப் பிள்ளைக்குக் கண்ணால் பார்த்ததுதான் முதலில் புரியும். அதனால் பாடம் பக்கத்தில் தொடங்கித் தூரத்துக்குப் போகிறது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று விரிகிறதே, அந்த மாதிரி.

தொடக்க வகுப்புகளில் குடும்பம், ஊர், மாவட்டம். ஆறாவதில் சிந்துவெளியும் பழந்தமிழ் நகரங்களும். மதுரையும் அதில் உண்டு. அந்த வயதில் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஏழு, எட்டில் இடைக்காலம், ஆங்கிலேயர் ஆட்சி. அப்புறம் பத்தாவதுக்குள் உலகப் போர்கள், அரசமைப்புச் சட்டம். பதினொன்றில் எல்லாம் தனித்தனிப் பாடம்.

இவை ஒன்றுசேரும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறைப்பது புவியியல். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பியது வரலாறு. தமிழ்நாடும் கேரளமும் அந்த அணைக்காகப் பேச்சுவார்த்தைக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போவது குடிமையியல். மேலூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் நெல் விளைந்து சந்தைக்கு வருவது பொருளியல்.

வருடங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; 1895 மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அந்த அணை ஏன் தேவைப்பட்டது என்று சொல்லத் தெரியாது.