இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்குத் தனியாகப் போயிருக்கிறீர்களா? வழிகாட்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா? ஒரு நாள் போதுமா?

போயிருக்கிறேன். வழிகாட்டி இல்லாமல், வாடகை சைக்கிளில். நாற்பதைத் தாண்டிய பெண் நான், ஒரு சிரமமும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் அந்த ஊருக்குத் தனியாகப் போவதுதான் நல்லது. வேன் பிடித்து வரும் கூட்டம் வட்டதாகே என்ற வட்டக் கோயில், பாறையில் புத்தர்களைச் செதுக்கிய கல் விகாரை இரண்டையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் சிகிரியா பக்கம் கிளம்பிவிடுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் அந்த வேன்கள் நிற்காத இடங்கள்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு போகும் ரயில் பொலன்னறுவை வழியாகத்தான் போகிறது. ஆனால் ஸ்டேஷன் பழைய நகரத்தில் இல்லை, சுமார் நாலு கிலோமீட்டர் கிழக்கே கதுருவெலவில் இருக்கிறது. பெரிய பஸ் நிலையமும் அங்கேதான். கண்டியிலிருந்தோ தம்புள்ளையிலிருந்தோ பஸ்ஸில் வந்தால் பழைய நகரம் முன்னாலேயே வந்துவிடும், நடத்துனரிடம் சொல்லி வைத்தால் இறக்கிவிடுவார். கதுருவெலவில் தமிழ் பேசும் முஸ்லிம் கடைக்காரர்கள் நிறைய. நான் பிளேன்டீ குடித்த கடையில், "இந்தியாவா? தனியாவா வந்தீங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு விலை அதிகம்தான். இந்திய பாஸ்போர்ட் இருந்தால் சார்க் நாட்டவர் என்று பாதி விலை, அதனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சீட்டு தருவது ஏரிக்கரை அருங்காட்சியகத்தில். வாங்கிக்கொண்டு அப்படியே ஓடிவிடாமல் உள்ளே ஒரு சுற்று வாருங்கள். வெளியே நாம் பார்க்கப் போவது வெறும் தூண்களும் செங்கல் சுவர்களும். அவற்றின் மேல் மரக்கூரை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இங்கே மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். ஆலாகன பிரிவேனா மடத்தின் மருத்துவமனைச் சிதைவுகளில் கிடைத்த அறுவைக் கருவிகள் இருக்கின்றன. இங்குள்ள சிவன் கோயில்களில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் சிலவும் உண்டு, மற்றவை கொழும்பு அருங்காட்சியகத்தில்.

சிவன் கோயில் இங்கே எப்படி வந்தது என்றால், 993-இல் ராஜராஜனின் படை அனுராதபுரத்தைப் பிடித்த பிறகு சோழர்கள் தங்கள் இலங்கை ஆட்சிக்குத் தலைநகரை வைத்தது இந்த ஊரில்தான். பெயரையும் ஜனநாதமங்கலம் என்று மாற்றினார்கள். 1070-இல் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்திவிட்டு இதையே தன் தலைநகராக்கினான். அப்புறம் 1153 முதல் 1186 வரை ஆண்ட பராக்கிரமபாகு, அவனுக்குப் பின் வந்த நிசங்க மல்லன். இன்று பார்ப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு பேர் கட்டியது. இந்த வரிசை மனதில் இருந்தால் போதும், வழிகாட்டி சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

காலை ஏழு மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுங்கள். பத்துக்கு மேல் வெயில் சும்மா விடாது. நான் அரண்மனையை வேகமாகக் கடந்துவிட்டேன். ஏழு மாடி, ஆயிரம் அறை என்று சொல்வார்கள், இப்போது மிஞ்சியிருப்பது தடித்த செங்கல் சுவர்கள். பக்கத்திலுள்ள அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக யானைகள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அதற்கு மட்டும் நின்றேன்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது தளதா மளுவ. புத்தரின் பல் இருந்த கோயில்களைச் சேர்த்துக் கட்டிய உயர்ந்த மேடை அது. வட்டதாகே அங்கேதான் இருக்கிறது, அதன் வாசல் படியில் கிடக்கும் அரைவட்டக் கல்லைக் குனிந்து பாருங்கள். அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் வரும். இங்கே காளை இல்லை. சைவர்கள் வணங்கும் நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் காரணம்.

அதே மேடையில் கல்பொத்த என்ற புத்தக வடிவக் கல். எடை சுமார் 25 டன். நிசங்க மல்லன் தன் பெருமையைத் தானே எழுதி வைத்துக்கொண்டது, கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டு வந்ததும் அதிலேயே எழுதியிருக்கிறது. மனிதர் ஆண்டது ஒன்பது வருடம். அதற்குள் ஊர் முழுக்கக் கல்வெட்டு வெட்டித் தள்ளியிருக்கிறார். நம் கட்அவுட் அரசியல்வாதிகள் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அட்டதாகே என்ற பழைய பல் கோயிலின் அருகே நிற்கும் ஒரு பலகைக் கல்லை அநேகமாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது தமிழ்க் கல்வெட்டு. விஜயபாகு கட்டுவித்த பல் கோயிலைக் காக்கும் பொறுப்பை, அவன் இறந்த பிறகு வேளைக்காரர் என்ற தென்னிந்தியக் கூலிப்படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறது. கோயிலுக்குத் தங்கள் படையின் பெயரையே சூட்டி 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்றிருக்கிறார்கள். சோழரை விரட்டிய அரசனின் மிகப் புனிதமான பௌத்தக் கோயிலுக்குக் காவல், தமிழ் எழுதத் தெரிந்த ஒரு படை! கிரந்தமும் கலந்திருப்பதால் எல்லாம் படிக்க வராது. ஆனாலும் முகத்தைப் பக்கவாட்டில் வைத்து வெயில் விழும் கோணத்தில் பார்த்தால் க, ர, ன என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். இதற்கு வேனில் வந்திருந்தால் எனக்கு நேரம் தந்திருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து வடகிழக்கே ஒரு கிளைப் பாதை, பபளு விகாரை பக்கமாகப் போகும். அதில்தான் இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை மாட்டிய வானவன் மாதேவி ஈச்சரம். ராஜேந்திரனின் தாய் பெயரில் சோழர் எடுத்த கற்றளி. சின்னக் கோயில். சுற்றிலும் எல்லாம் செங்கல்லாக இடிந்து கிடக்க, இது மட்டும் அடியிலிருந்து சிகரம் வரை கல்லில் அப்படியே நிற்கிறது. சோழ அரசன் அதிராஜேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் இந்தக் கோயிலில் உண்டு. உள்ளே லிங்கம் இருக்கிறது. நான் போனபோது யாரோ வைத்த பூ வாடாமல் இருந்தது, ஆள் யாரும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த விமானத்தின் அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாம் சிவ தேவாலயம் தளதா மளுவவுக்குத் தெற்கே ரோட்டோரமாகவே இருக்கிறது, அது பிற்காலத்தது, பாண்டியர் பாணி.

கல் விகாரையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரே பாறையில் நான்கு புத்தர் உருவங்கள், படுத்திருப்பது 14 மீட்டர் நீளம். தலையணையை மட்டும் கவனியுங்கள். தலை அழுந்தும் இடத்தில் மெத்தைபோல் குழிந்திருக்கிறது, கருங்கல்லில்! இரண்டு பாதங்களும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் மேல் பாதம் கொஞ்சம் பின்வாங்கியிருக்கும், பரிநிர்வாணம் அடைந்துவிட்டதற்கு அடையாளம் என்கிறார்கள். எதிரே உள்ள பாறையில் உட்கார்ந்துவிடுங்கள். குழுக்கள் வரும், போகும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் பாறையின் வரிகள் அந்த முகங்களின் மேல் ஓடுவது தெரியும்.

தனியாகப் போகிறவருக்கு வேறு சில விஷயங்கள். பல இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், கல் கொதிக்கும், பழைய சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலும் தோளும் மூடிய உடை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது, அங்கே அது பெரிய அவமரியாதை. சைக்கிள் எடுக்கும்போது பிரேக்கைப் பார்த்து, பூட்டும் கேட்டு வாங்குங்கள். ஆட்டோக்காரர் ஒருவர் என்னிடம், "தனியா சைக்கிள்ல போகாதீங்க, யானை வரும்" என்று பயமுறுத்தினார். பகலில் சிதைவுகளுக்கு இடையே நான் பார்த்ததெல்லாம் குரங்குகள்தான், அவை பிஸ்கட் பாக்கெட்டை விடாது. ஆனால் ஹபரணை, மின்னேரியா பக்கத்து ரோடுகளில் பொழுது சாய்ந்தபின் யானை உண்மையிலேயே வரும். அங்கே இரண்டு சக்கர வண்டியில் போகாதீர்கள்.

ஒரு நாள் போதும், முழு நாளாக இருந்தால். வடகோடியில் இருக்கும் திவங்க சிலைமனையின் சுவரோவியங்களை விடாதீர்கள், நிறையப் பேர் களைத்துப்போய்க் கல் விகாரையோடு திரும்பிவிடுகிறார்கள். சாயங்காலம் பராக்கிரம சமுத்திரத்தின் கரை. மழைத்துளி ஒன்றும் மக்களுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று பராக்கிரமபாகு சொன்னதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் எழுதியிருக்கிறது. அவன் பெயரைத் தாங்கிய ஏரி இது, இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. சிகிரியாவையும் அதே நாளில் முடிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இரவு பொலன்னறுவையிலேயே தங்கி, காலையில் முதல் பஸ்ஸில் தம்புள்ளை போய் அங்கிருந்து சிகிரியாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.