கல்முனை ஸ்விட்சில் என்னவெல்லாம் தொங்குது? சிஎம்டிபி கேள்வி பதில்

மட்டக்களப்பில் தலைமைக் கந்தோர், கல்முனையிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் கிளைகள். இப்படியான ஒரு தனியார் நிறுவனத்தின் ஐடி பிரிவைப் பார்க்கிறேன். சிஎம்டிபி (கன்ஃபிகரேஷன் மெனேஜ்மன்ட் டேட்டாபேஸ்) என்பது ஐடி சாமான்களையும், எது எதில் தங்கியிருக்கு என்ற தொடர்புகளையும் பதியும் தரவுத்தளம். கம்பனிச் சாமான்களை அதில் பதிவது பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

களுவாஞ்சிகுடி: அண்ணன், எங்கட எக்செல்ல 140 கம்பியூட்டரும் இருக்கு. சீரியல் நம்பர், வாங்கின திகதி, விலை எல்லாம் கிடக்கு. மறுகா ஏன் சிஎம்டிபி?

தம்பி, அந்த எக்செல் உங்கட கணக்காளருக்கு நல்லது. ஒரு சாமான் நின்றால் அதோடு சேர்ந்து எவையெல்லாம் நிற்கும் என்று அது சொல்லாது.

ஒரு மாரியில் இரவு இடி விழுந்து கல்முனைக் கிளையில் எட்டு போர்ட் நெட்வேர்க் ஸ்விட்ச் (நெட்வேர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒன்று எரிந்துபோச்சு. எங்கட பட்டியலில் அது ‘ஸ்விட்ச் 1, மேல்மாடி’ என்ற ஒற்றை வரி. சின்னச் சாமான்தானே, மத்தியானம் போய் மாற்றலாம் என்று இருந்தேன். காலை எட்டரைக்கு போன் வருது: காசாளர் மேசை இரண்டும் வேலை செய்யல்ல, கைரேகை மெஷினும் இல்லை, கமரா ரெக்கோடரும் இல்லை. சனம் வாசல் வரைக்கும் வரிசையில். மறுகா ஏணி வைத்து, சீலிங் பலகையைக் கழற்றி, டோர்ச் அடித்து ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்தோம். இரண்டு மணித்தியாலம் போச்சு.

‘இந்த ஸ்விட்சில் காசாளர் மேசை தங்கியிருக்கு’ என்று ஒரு தொடர்பை முதலே பதிந்திருந்தால் காலை ஏழு மணிக்கே புது ஸ்விட்சோடு அங்கே நின்றிருப்பேன். அந்தத் தொடர்புகளுக்குத்தான் சிஎம்டிபி. ‘ஐட்டில்’ என்ற ஐடி சேவை முகாமைத்துவ முறையில், இதன் உள்ளே போகும் ஒவ்வொன்றையும் சிஐ (கன்ஃபிகரேஷன் ஐட்டம்) என்பார்கள்.

காத்தான்குடி: சேர், மவுஸ், கீபோர்ட் எல்லாம் போடோணுமா?

வேண்டாம் தங்கச்சி. அதை மாற்றினால் யாருக்காவது முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கோ. தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கோ. மறுபக்கம், ஸ்டிக்கர் ஒட்டவே முடியாத சிலது கட்டாயம் உள்ளே வரணும்: வேர்ச்சுவல் சேர்வர் (ஒரு சேர்வருக்குள் சொஃப்ட்வெயாராக ஓடுவது), டொமைன் பெயர் (வெப்சைட் முகவரி), வெப்சைட்டைப் பாதுகாப்பாகத் திறக்க வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ். டொமைன் முடியும் திகதியைத் தவறவிட்டால் வெப்சைட்டும் ஈமெயிலும் ஒன்றாகப் படுத்துவிடும்.

ஏறாவூர்: நானா, இலவச சொஃப்ட்வெயார் ஏதும் இருக்கா?

இருக்கு. ஜிஎல்பிஐ, ஐடொப் இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டிலும் தொடர்புகளை வரைபடமாகப் பார்க்கலாம். எந்த லேப்டொப் யார் கையில் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஸ்னைப்-ஐடி லேசு. சேர்விஸ்நவ் பெரிய கம்பனிகளின் பட்ஜெட்டுக்கு. எதை எடுத்தாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் உங்கட முக்கியமான மூன்று சேவைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே அது எதில் நிற்கிறது என்று கோடு போடுங்கோ. அந்தத் தாள் வராமல் இன்ஸ்டோல் பண்ணுவது வீண்.

அக்கரைப்பற்று: நெட்வேர்க்கை ஸ்கேன் பண்ணினா எல்லாம் தானாக வந்துடும்தானே?

பாதி வரும். அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் லேப்டொப்பை ஸ்கேன் காணாது. நெட்வேர்க் காட் இல்லாத யுபிஎஸ்ஸையும் (கரண்ட் போனால் பற்றரியில் தாங்கும் பெட்டி) காணாது. வொரன்டி ஒப்பந்தம், பொறுப்பாளர் பெயர், இதெல்லாம் ஆள்தான் எழுத வேண்டும்.

செங்கலடி: யுபிஎஸ்ஸையும் பதியணுமா?

எங்கட பக்கம் கட்டாயம். பெட்டியை மட்டும் பதியாமல் பற்றரி மாற்றிய திகதியையும் போடுங்கோ. சாதாரண ஈய அமில பற்றரிக்கு மூன்று தொடக்கம் ஐந்து வருஷம் என்று சொல்வது ஏறத்தாழ 25 பாகை வெப்பத்துக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும். ஏசி இல்லாத மூலையில் இருக்கிற பற்றரியை நான் இரண்டு வருஷத்தில் சோதிப்பேன், அதுவும் மாரி தொடங்க முன்னம்.

கல்முனை: போன வருஷம் ஆசையாத் தொடங்கினம் சேர். ஆறு மாசத்துல எல்லாம் பிழை. இப்ப ஒருத்தரும் திறந்து பார்க்கிறல்ல.

இதுதான் எல்லா இடத்திலும் நடக்கிற கதை. எங்களிடமும் நடந்தது. வேலையை விட்டுப் போன ஒருவர் பெயரில் இருந்த லேப்டொப், கடைசியில் இன்னொரு கிளையில் இன்னொருவர் மேசையில் இருந்தது. யாரோ அவசரத்துக்குக் கொடுத்தது, எழுதல்ல.

‘நேரம் கிடைக்கும்போது அப்டேட் பண்ணுவோம்’ என்றால் அந்த நேரம் வராது. அதனால் வேலையோடு கட்டிவிட்டோம். சாமான் மாற்றும் டிக்கெட்டை (வேலைக் கோரிக்கையை), சிஎம்டிபி பதிவைத் திருத்தாமல் மூட ஏலாது. புதுச் சாமான் பதியாமல் களஞ்சியத்தை விட்டு வெளியே போகாது. விலகுபவருக்கு எச்ஆர் கடிதம் கொடுக்க முன்னம் அவர் பெயரில் உள்ள சாமான் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். எச்ஆர் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது.

மாதம் ஒருமுறை ஒரு கிளையின் பத்துச் சாமானைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் போய்ப் பார்க்கிறோம். இரண்டுக்கு மேல் பிழை என்றால் அந்தக் கிளை முழுக்க மீள்கணக்கெடுப்பு. உங்களிடம் ஏற்கனவே பிழையாகக் கிடப்பதைத் திருத்திக்கொண்டு இருக்காதீங்கோ. காசாளர் சேவை ஒன்றை மட்டும் எடுத்து, புதிதாகத் தொடங்குங்கோ.

வாழைச்சேனை: ரவுட்டர் பாஸ்வேர்டையும் அதிலயே போடலாமா?

போடக் கூடாது. பாஸ்வேர்ட் மெனேஜரில் வைத்துவிட்டு, அது எந்தப் பதிவு என்ற குறிப்பை மட்டும் இங்கே போடுங்கோ.

ஆரையம்பதி: விண்டோஸ் 10 மெஷின்களைப் பிரிச்சு எடுக்கலாமா?

ஓம், ஓஎஸ் என்ற நிரல் இருந்தால் ஒரு பில்டர் போதும். அதற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பட்டியலை எடுத்தவுடன், அதில் எது காசாளர் மேசையோடு தொடர்புபட்டது என்று பாருங்கோ. மாற்றத் தொடங்க வேண்டியது அங்கே.