அரங்கேற்ற வீடியோவுக்கு யாரை வைக்கிறது?

கேள்வி: பொண்ணுக்கு சௌடையா ஹால்ல பரதநாட்டிய அரங்கேற்றம். எங்க வீட்டு கல்யாணத்துக்கு வந்த வீடியோகாரரையே வைக்கலாமா?
- வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: வைக்கலாம்மா, ஆனா முதல்ல அவர் எடுத்த டான்ஸ் வீடியோ ஒண்ணை வெட்டாம முழுசா காட்டச் சொல்லுங்க. எங்க வீட்டு அரங்கேற்றத்துல வந்தவரு வர்ணம்ங்கிற நீளமான உருப்படி முழுக்க முகத்தையே க்ளோசப்ல எடுத்துட்டாரு, ஜதியை முடிக்கிற தீர்மானத்துல ஒரு அடவுல (ஆட்ட அசைவுல) கூட கால் தெரியல, இன்னிக்கும் மனசு ஆறல. அதனால ரெண்டு கேமரா கேளுங்க, ஒண்ணு ட்ரைபாட்ல நடுவுல நின்னு முழு மேடையையும் அசையாம எடுக்கணும், இன்னொண்ணு முகபாவம் காட்டுற அபிநயத்துக்கு. வர்ணமே அரை மணி நேரம் போகும், நடுவுல பேட்டரி தீந்துடக் கூடாது. ஆடியோவ ஹால் சவுண்ட் மிக்ஸர்லேர்ந்தே எடுக்கச் சொல்லுங்க, கேமரா மைக்ல, ஆட்டத்துக்குத் தாளமா சொல்ற சொல்லுக்கட்டு தெளிவா விழாது. எடிட் பண்ணாத ஃபைலும் வேணும்னு அட்வான்ஸ் குடுக்குறப்பவே எழுதி வாங்கிக்கோங்க.