சனிக்கிழமை காலை ஆறு மணி

திருச்சியிலிருந்து 66 வயது வாசகி ஒருவர், பெயர் வேண்டாம் என்று சொல்லி, நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறார், மாப்பிள்ளை யூதர், ஒரே பேரன், வயது 12. "குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தின பிள்ளை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிட்டு ஹீப்ரு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வருஷம் 'பார் மிட்ஸ்வா' என்று ஒரு சடங்காம். கேம்ப்பில் எவனோ 'உன் அம்மா யூதர் இல்லை, அதனால் நீயும் இல்லை' என்று சொல்லி இவன் அழுதிருக்கிறான். அதற்கப்புறமும் என் மகளுக்குப் புத்தி வரவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காபி குடித்ததும் நானும் அவரும் வீடியோவில் கூப்பிடுவோம். பையன் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து இரண்டு நிமிஷம் நிற்பான், முகமே கொடுக்க மாட்டான். பின்னால் மெழுகுவர்த்தி எரியும், சம்பந்தி அம்மா உட்கார்ந்திருப்பார். பேரன் கை நழுவிப் போகிறான். மகளிடம் எப்படிப் பேசுவது? அந்தச் சடங்குக்கு நாங்கள் போக வேண்டுமா?"

அம்மா, மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அந்த ஆறு மணியைப் பற்றிப் பேசுவோம். இங்கே சனிக்கிழமை காலை ஆறு என்றால் அங்கே வெள்ளிக்கிழமை இரவு, கோடையில் எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. அது சபாத் இரவு, யூதர்களின் வாராந்தர ஓய்வு நாள் தொடங்கும் இரவு. வாரத்தில் அந்தக் குடும்பம் முழுசாக ஒன்றாக உட்காரும் ஒரே வேளை அது. சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்னால் விளக்கேற்றி, துணி மூடிய இரண்டு ரொட்டியை வைத்து, திராட்சை ரசத்தைக் கையில் ஏந்தி வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பல வீடுகளில் அன்றைக்கு மேசைக்குப் பக்கத்தில் போனே வராது. உங்களுக்காக வருகிறது. ஏன் வருகிறது என்று யோசித்தீர்களா? உங்கள் மகளால் உங்கள் போனை எடுக்காமல் இருக்க முடியவில்லை. மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, கணவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதை எடுத்துப் பையன் கையில் கொடுக்கிறாள். உங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று நான்கு பக்கம் புகார் எழுதியிருக்கிறீர்களே, அந்த மகள்தான்.

அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். வாரம் தவறாமல், ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு பாட்டிக்காக எழுந்து வர வேண்டியிருக்கிறது. இரண்டு பேரில் யாரை விடுவது என்று ஒரு குழந்தையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், நீங்கள் காபி குடித்து முடிக்கும் நேரம் அதுதான் என்பதற்காக. முகம் கொடுக்கவில்லை என்கிறீர்கள். எந்தப் பிள்ளை கொடுப்பான்? நம் வீட்டில் தாத்தா திதிக்கு இலை போட்டு உட்காரும்போது வெளியூரிலிருந்து யாராவது போன் செய்து "பையனைக் கூப்பிடு" என்றால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அப்புறம், அந்த மேசையில் நடப்பது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ளவே இல்லை. வெள்ளி இரவு பெற்றோர் பிள்ளை தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். பெண் பிள்ளை என்றால் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல இரு என்பார்கள். ஆண் பிள்ளைக்கு ஆபிரகாமின் பெயரும் மோசேயின் பெயரும் வருவதில்லை. "கடவுள் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள். இவர்கள் யார் தெரியுமா? யோசேப்பின் பிள்ளைகள். எகிப்தில் பிறந்தவர்கள். அம்மா எகிப்தியப் பூசாரி ஒருவரின் மகள், வேறு தெய்வத்தைக் கும்பிட்ட வீட்டுப் பெண். யோசேப்பின் அப்பா, கண் மங்கிப்போன கிழவர் யாக்கோபு, சாகும் தறுவாயில், அந்த இரண்டு பையன்களையும் பக்கத்தில் வரவழைத்து, என் பிள்ளைகள் ரூபனும் சிமியோனும் எனக்கு எப்படியோ இவர்களும் அப்படியே, இவர்கள் என்னுடையவர்கள் என்று சொல்லித் தலையில் கை வைக்கிறார். ஆதியாகமம் 48ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, படியுங்கள். அது ஒரு தாத்தா பேரன்களுக்குச் செய்தது. வேற்று வீட்டுப் பெண் வயிற்றில் பிறந்த பேரன்களுக்கு. அந்த வார்த்தையை உங்கள் பேரன் தலையில் கை வைத்துச் சொல்கிற இரவில்தான் உங்கள் போன் மணி அடிக்கிறது.

கேம்ப்பில் அவன் அழுததை எழுதிவிட்டு, அதற்கப்புறமும் மகளுக்குப் புத்தி வரவில்லை என்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. குழந்தை அடிபட்டதில் உங்கள் கட்சிக்குப் பலம் தேடுகிறீர்கள். கேம்ப்பில் எவனோ சொன்னதற்குப் பின்னால் பழைய யூதச் சட்டம் இருக்கிறது: தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். ஆர்த்தடாக்ஸ் பிரிவும் கன்சர்வேடிவ் பிரிவும் இன்றும் அப்படித்தான் பார்க்கின்றன. அமெரிக்காவின் ரிஃபார்ம் பிரிவு ரப்பிகள், அதாவது யூத மதகுருமார், 1983-இல், அப்பா மட்டும் யூதராக இருந்தாலும் பிள்ளை யூதனாக வளர்ந்தால் அவன் யூதன்தான் என்று முடிவெடுத்தார்கள். உங்கள் பேரன் போன்றவர்கள் அங்கே அபூர்வமும் கிடையாது. பியூ ஆய்வு நிறுவனத்தின் 2020 கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் மணமான யூதர்களில் 42 சதவீதம் பேரின் துணை யூதர் இல்லை, 2010-க்குப் பிறகு மணம் செய்தவர்களில் அது 61 சதவீதம். அந்தப் பிள்ளைகள் எல்லாரையும் யாரோ ஒருவர் "நீ முழுசா எங்க ஆளா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். வெளியே எவனோ கேட்கட்டும். சொந்தப் பாட்டி கேட்கலாமா?

தமிழ் விட்டுப்போனதில் எனக்கும் வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதில் உங்கள் மகள் மேல் தப்பு இருக்கிறது. வீட்டில் அவள் தமிழ் பேசியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள்? "இங்கிலீஷில் கேட்டாலும் பதில் சொல்வதில்லை" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்களும் அவனிடம் தமிழ் பேசவில்லை. ஹீப்ரு பள்ளி மேல் பழியைப் போடாதீர்கள்.

உங்கள் கணவர் தேவாரம் பாடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள். பார் மிட்ஸ்வா சடங்கில் அந்தப் பையன் பதின்மூன்று வயதில் சபை முன்னால் நின்று, தோலில் எழுதிய யூத வேதமான தோராச் சுருளைப் பார்த்து ராகத்தோடு வாசிக்க வேண்டும். சுருளில் உயிர்க்குறி கிடையாது, ராகக் குறியும் கிடையாது. தமிழில் காலும் கொம்பும் புள்ளியும் எடுத்துவிட்டு ஒரு பக்கத்தை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் கொஞ்சம் தெரியும், அதில் புள்ளி வைக்க மாட்டார்கள். சுருளைக் கையால் தொடவும் கூடாது, ஒரு சின்னக் கோலால் சுட்டிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் ஒரு வருஷப் பயிற்சி. பண் தெரிந்த ஒரு தாத்தாவுக்கு அந்தப் பிள்ளையிடம் கேட்க எவ்வளவு இருக்கிறது! "இந்த இடத்தில் ஏன் இழுக்கிறாய், எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறாய்" என்று கேட்டால் அவன் பேசுவான். அவர் ஒரு பதிகம் பாடிக் காட்டட்டும். தமிழ் அந்த வழியாகவும் உள்ளே போகும்.

அதனால் நேரத்தை மாற்றுங்கள். ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே பகல் பன்னிரண்டு வாக்கில், அவன் வகுப்பு முடிந்து வந்திருப்பான். வகுப்பு முடியும் நேரத்தை மட்டும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தூக்கம் கெடும், கெடட்டும். பேரனுக்காகத் தூக்கம் கெடுவது தாத்தா பாட்டியின் கடமை என்றுதான் நான் நினைக்கிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் அவன் சரியாகப் பேச மாட்டான், பழைய கசப்பு இருக்கும். விடாதீர்கள்.

சடங்குக்குப் போக வேண்டுமா என்ற கேள்வியையே நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. போங்கள். விசாவுக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள், அதற்கு நாளாகும். யூதரல்லாத தாத்தா பாட்டி மேடையில் என்ன செய்யலாம் என்பது ஒவ்வொரு சினகாக்கிலும் (யூதர்களின் வழிபாட்டுக் கூடம்) ஒரு மாதிரி, முன்கூட்டியே சம்பந்தி அம்மாவிடம் நீங்களே கேளுங்கள். மகள் வழியாகக் கேட்காதீர்கள். தாத்தாவுக்குத் தலையில் வைக்கக் குல்லா கொடுப்பார்கள், மறுக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் நல்ல பட்டுப் புடவையாகக் கட்டிக்கொண்டு போங்கள். அவன் நிமிர்ந்து பார்க்கும்போது உங்களைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலேயே மகளுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்: "இனிமேல் சனிக்கிழமை காலையில் கூப்பிட மாட்டோம், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்."