அம்மா ஏறாத ட்ராம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஏழெட்டு வருடமாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெரம்பூரில் இருக்கிறேன். வயது 58.

போன தை மாதம் என் அம்மா காலமானார். 87 வயது. படுக்கையில் கிடந்தது பதினோரு நாள்தான். வந்தவர்கள் எல்லோரும் ‘கல்யாண சாவு’ என்றார்கள், ‘கொடுத்து வைத்த மகராசி’ என்றார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள், பேண்டு வைத்தோம், பதினாறாம் நாள் வரைக்கும் ஒரு குறையில்லாமல் நடந்தது. நான் அழவில்லை. எல்லோரும் இது அழ வேண்டிய சாவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படி அழுவது? நாலு மாதம் கழித்து, ரேஷன் கார்டில் பெயர் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் அம்மா பெயரின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு ‘நீக்கிடலாமா சார்?’ என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

முதல் வருடத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடித்து சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. நாலு பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எத்தனை தடவை திருத்தினாலும் வேறு யாருடைய அம்மாவையோ பற்றிப் படிப்பது போலத்தான் இருக்கிறது. எங்கே தப்பு என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. மலரில் எழுத முடியாது என்பதால் உங்களிடம் சொல்கிறேன். அப்பா ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு செய்யாறு பக்கம். கல்யாணமான புதிதில் அப்பா அவரை ட்ராமில் பாரிமுனைக்குக் கூட்டிப்போன கதையை அம்மா அடிக்கடி சொல்வார். டிரைவர் காலாலேயே மணியடிப்பார், அப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார், இறங்கிப் பார்த்தால் புதுப் புடவையில் கிரீஸ் கறை என்று நீளமாகப் போகும். இரண்டு வருடம் முன்னால் என் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே புகுந்து, ‘மெட்ராஸ்ல ட்ராம் 1953லயே நின்னுபோச்சும்மா. உனக்குக் கல்யாணம் ஆனது 56ல. நீ எப்படி ட்ராம்ல போயிருப்பே?’ என்று கேட்டேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘அப்படியா?’ என்றார். அதன் பிறகு அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. சின்ன விஷயம், விடுங்கள் என்கிறாள் மனைவி. விட முடியவில்லை.

பெரம்பூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டபடி பெயரை எடுத்துவிட்டேன்.

முதலில் அந்தக் கல்யாண சாவு. அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை கிடையாது. பேரன் பேத்தி பார்த்து, நெடுநாள் கிடந்து நோகாமல் போன ஒருவரை மேளதாளத்தோடு அனுப்புவது நல்ல வழக்கம்தான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பார்ப்பது போனவரின் வயதை. உங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. உங்களை 58 வருடமாகத் தெரிந்த ஆள் போயிருக்கிறார். உங்கள் மனைவிக்கு உங்களை எத்தனை வருடமாகத் தெரியும், முப்பது? மகளுக்கு இருபது இருக்குமா? மூன்றாம் வகுப்பில் நீங்கள் யாருடைய பென்சிலையோ எடுத்து வந்து மாட்டிக்கொண்டது தெரிந்த ஆள் இனி ஊரில் கிடையாது. இதற்கு அழக்கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ரேஷன் கார்டு வேலையை மகளிடம் கொடுங்கள். இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், கையோடு கொடுத்து அனுப்பினால் போதும். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நீங்களேதான் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இனி அந்த நாலு பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘தியாகம்’ ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ‘மெழுகுவர்த்தியாய் உருகி’ இரண்டு இடம். ‘அறுசுவை உணவு படைத்து’ ஒரு இடம். உங்கள் அம்மா வைத்த குழம்பு எது, அதில் எப்போதும் எது ஒரு கை கூடிப்போகும், உப்பா புளியா? அது எங்குமே இல்லை. அம்மா யாரோடு பேசாமல் இருந்தார்? 87 வருடம் வாழ்ந்த மனுஷிக்கு இரண்டு மூன்று வீட்டோடாவது பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்திருக்குமே. டி.வி.யில் எதைப் பார்த்துத் திட்டினார்? காசை எங்கே ஒளித்து வைத்தார், அரிசி டப்பாவிலா, பீரோவில் விரித்த பேப்பருக்கு அடியிலா? எழுத உட்கார்ந்ததும் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பவர் நம் எல்லோர் கைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ‘அன்பின் சிகரமே’ என்று ஆரம்பித்துக் கொடுக்கிறார். பெயரையும் போட்டோவையும் மாற்றினால் அடுத்த தெருவுக்கும் அதே பேனர் சரியாக இருக்கும்.

நம் ஜனங்கள் இதில் ரொம்பக் கெட்டிக்காரர்கள், நாம்தான் படித்துக் கெட்டுப்போனோம் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். அதில் புகழ்ச்சி மட்டுமா வரும்? போனவரைப் பார்த்து நேராகச் சண்டை போடுவார்கள். என்னை இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று ஆரம்பித்து, சீர் செய்யாத அண்ணனை இழுத்து, பேசாமல் இருந்த நாத்தனாருக்கு ஒரு குத்து விட்டு, கடைசியில் மறுபடி செத்தவரிடமே வந்து நிற்கும். உங்கள் பக்கத்திலேயே வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதியில் மரண கானா பாட வருகிற தம்பிகளைப் பாருங்கள். வந்ததும் பாடிவிட மாட்டார்கள். வீட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேர் என்ன, எத்தனை பிள்ளைகள், யார் யார் பேர், என்ன தொழில் செய்தார் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் தாளம் எழும்பும். மீன் விற்ற ஒரு ஆயாவுக்காகப் பாடியதை ஒரு ராத்திரி ஓரமாக நின்று கேட்டேன். கடனுக்கு மீன் கேட்டு வந்தவர்களை ஆயா திட்டுகிற திட்டு அப்படியே பாட்டில் வந்தது. தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். உங்கள் நாலு பக்கத்தையும் அந்தத் தம்பியிடம் கொடுத்தால், ‘சரிண்ணா, ஆயா என்னா பண்ணாங்கன்னு சொல்லுங்க’ என்றுதான் கேட்பார்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். என் அம்மாவுக்குத் தண்ணீர்ப் பைத்தியம். 2003லும் அதற்கு முந்தைய பஞ்சங்களிலும் விடியற்காலை மூன்று மணிக்கு அடி பம்பில் நின்றவள், லாரிக்கு முதல் நாள் ராத்திரியே குடத்தை வரிசையில் போட்டு வைத்தவள். அப்புறம் அபார்ட்மென்ட் ஆகி, சம்ப்பு வந்து, மோட்டார் வந்து, குழாயைத் திருகினால் கொட்டுகிறது. ஆனாலும் ஒன்பது குடம். எட்டு பிளாஸ்டிக், ஒன்று பித்தளை. தினமும் ராத்திரி பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு ஒன்பதையும் நிரப்பித் தட்டு போட்டு மூடிவிட்டுத்தான் படுப்பாள். காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது ஏரி நிலவரம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். ‘செம்பரம்பாக்கம் பதினாறு அடிதாண்டா இருக்கு, இன்னும் எட்டடி வரணும்’ என்பாள், அவள்தான் போய் நிரப்ப வேண்டும் என்பது போல. சமையலறையில் கால் வைக்க இடமிருக்காது. நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

2015 டிசம்பரில் அவளுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. செம்பரம்பாக்கம் 24 அடியை நெருங்கி, திறந்துவிட்டு, அடையாறு ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது. சம்ப்புக்குள் சாக்கடை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. மாடியில் இருந்த ஆறு வீடும் அம்மாவின் ஒன்பது குடத்தில்தான் காபி குடித்தது. அவளே செம்பில் மொண்டு கொடுத்தாள், வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டு அளந்துதான். அதன் பிறகு அவளைச் சமாளிக்கவே முடியவில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் அந்தக் கதையைக் கேட்டாகிவிட்டது.

2018ல் ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். உடம்பைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். நான் ஏதேதோ போன் பேசிக்கொண்டிருந்தேன், வண்டி, மாலை, ஐஸ் பெட்டி. எங்கள் பக்கம் சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை வைத்துக்கொள்ள மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். என் அத்தை ஒவ்வொரு குடமாகத் தூக்கித் தொட்டியில் சரித்துக்கொண்டிருந்தார். நாலாவது குடமோ ஐந்தாவதோ சரிகிற சத்தம் கேட்டது. ‘அடுத்த வேளைக்குத் தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவீங்க?’ என்று கத்தினேன். என் குரலே இல்லை அது. சொல் அவளுடையது, இழுவை அவளுடையது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அப்புறம் நானும்.

இதில் வேடிக்கை, அந்தக் குடங்களைப் பதினாறு முடிந்த கையோடு காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். மறு வருடம் ஜூனில் நாலு ஏரியும் தரை தெரிய வறண்டது. பித்தளையை மட்டும் தங்கை எடுத்துப் போயிருந்தாள். நான் கடைக்குப் போய்ப் புதிதாக ஆறு குடம் வாங்கினேன். பச்சை நிறம் இல்லை என்று கடைக்காரரிடம் வாக்குவாதம் வேறு. பச்சையில் பாசி பிடித்தால் தெரியாது, வாங்காதே என்று அவள் சொல்லியிருந்தது கடையை விட்டு இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் ட்ராமுக்கு வருகிறேன்.

நீங்கள் சொன்ன வருடம் சரி. 1895ல் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ட்ராம் 1953 ஏப்ரலில் நின்றது. 56ல் கல்யாணமாகி வந்த பெண் அதில் ஏறியிருக்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டுக் கவனிக்காமல் போன ஒரு வரி இருக்கிறது. அப்பா ராயபுரத்துக்காரர். அந்தக் காலத்து வட மெட்ராஸ் பையன் ட்ராமில் தொற்றாமல் வளர்ந்திருக்க மாட்டார். காலால் மணியடிக்கிற டிரைவரை யார் பார்த்திருப்பார்? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே யார் போயிருப்பார்? அந்தக் கதையில் நிற்கிற ஆள் அப்பாதான், பாருங்கள்.

என் ஊகம் இது, தப்பாகவும் இருக்கலாம். செய்யாறு பக்கத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியபோது அவர் ‘இங்கேதான் ட்ராம் போகும்’ என்று சொல்லியிருப்பார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கேட்டுக் கேட்டு அவர் ஏறிய ட்ராமில் இவருக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது. கிரீஸ் கறை ஏதாவது பஸ்ஸில் பட்டிருக்கும், அதுவும் சேர்ந்துகொண்டது. அப்பா போன பிறகு அந்த ட்ராமைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லை. என் வாயில் அம்மா வந்தது போல அவர் வாயில் உங்கள் அப்பா வந்திருக்கிறார்.

நீங்கள் செய்தது சரி என்று சமாதானம் சொல்ல மாட்டேன். அவர் நிறுத்திக்கொண்டது உங்களால்தான். உறுத்தட்டும், அதில் தப்பில்லை. ஆனால் மலரில் எழுத முடியாது என்கிறீர்களே, நீங்கள் அனுப்பியதில் உங்கள் அம்மா உயிரோடு இருக்கிற இடம் அது ஒன்றுதான். ‘அப்படியா?’ என்று ஒரு வார்த்தை சொன்னாரே, அதில் எனக்கு அவர் முகமே தெரிந்துவிட்டது. நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டு அந்தக் கதையை அவர் சொன்ன மாதிரியே போடுங்கள். 1953 பற்றி அடிக்குறிப்பு வேண்டாம். நீங்கள் குறுக்கே புகுந்ததையும் எழுதுங்கள், உங்களுக்குத் தைரியம் இருந்தால். சொந்தக்காரர்களில் நாலு பேராவது போன் செய்து, ‘அன்னைக்கு நானும் அந்த ட்ராம்ல இருந்தேன்’ என்பார்கள். மறுக்காதீர்கள்.

எழுதுவதற்கு முன் மகளை உட்கார வைத்துக் கேளுங்கள். பாட்டி கடைசியாக அவளிடம்தானே சொன்னார். உங்களுக்குத் தெரியாத இரண்டு விஷயமாவது அவளிடம் இருக்கும். எனக்காக ஒன்றைக் கேட்டு எழுதுங்கள்: அப்பா நின்றுகொண்டே வந்தார், சரி. அம்மாவுக்கு ஓரத்து இடம் கிடைத்ததா?